தடை அறிந்தவர்கள்

வீட்டிலிருந்து
18 நவம்பர் 2024

அன்பு மகள் டெல்சிக்கு அம்மா விக்டோரியா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மழை பிடித்ததில் என் முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அதை விடு. பெங்களூரில் குளிர் எப்படி, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி குறைந்ததா என்று எழுது.

ஒரு வாரமாக என் போன் கிடைக்காமல் நீ தவித்திருப்பாய். நான்தான் அதை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். உன் படிப்புக் கடனைக் கேட்டு பாங்கி ஏற்பாடு செய்த ஆள்கள், காலையில் நான் மீன் கூடையைத் தலையில் ஏற்றும்போது தொடங்கினால் இரவு செபமாலை முடிகிற வரைக்கும் விடுவதில்லை. ஒருத்தி தேனாகப் பேசுவாள், அடுத்தவன் வள்ளென்று விழுவான். கேள்வி மட்டும் ஒன்றுதான். "உங்க பொண்ணு நம்பர் என்ன?"

நீ புது நம்பர் வாங்கியதாகப் பக்கத்து வீட்டு ராகேல் மாமியிடம் சொன்னாயாம். அதை எனக்குத் தராதே. தெரிந்து வைத்துக்கொண்டு தெரியாது என்றால் பொய். பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணும். புதுச் சாமியார் சின்னப் பையன், அவரிடம் வாராவாரம் போய் இந்தப் பாங்கிக் கதையை நான் ஒப்பிக்க மாட்டேன். நிசமாகவே தெரியாமல் இருந்தால் நிம்மதி. அதனால் இனிமேல் கடிதம் எழுது. கான்வென்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் நானும் படித்திருக்கிறேன்.

இனி நல்ல விஷயம். ராகேல் ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாள். வீடு மேற்கே, குளச்சல் தாண்டி. பையன் பெயர் ஆன்ஸ்லின். கப்பல் என்ஜினியருக்குப் படித்துக் கத்தாரில் வேலை. உன் போட்டோ பிடித்துவிட்டதாம். ராகேலிடம் உன் நம்பரை அழிக்கச் சொன்னேன், அழிக்கிறதுக்கு முன்னால் அவனுக்கு அனுப்பவும் சொன்னேன். கூப்பிடுவான், பேசு. கடன் விஷயத்தில் மட்டும் மூச்சு விடாதே. தாலி ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். கிறிஸ்துமசுக்கு வந்துவிடுவார். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அம்மா


பெங்களூர்
27 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். குளிர் ஒன்றும் செய்யவில்லை. முட்டுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அதையும் ராகேல் மாமிக்குக் கொடுத்தாயிற்றா?

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். என்னோடு தங்கியிருக்கிற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து பெற்ற மகளின் போன் நம்பரை வேண்டாம் என்று சொல்கிற அம்மா உலகத்தில் வேறு எங்கும் இருக்க முடியாது.

அம்மா, எனக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருஷமாக மாதம் ஒன்பதாயிரம் உங்கள் கணக்குக்குப் போடுகிறேன். கடனில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, பாங்கியும் கொட்டாரம் ஊரில் நீங்கள் மீன் விற்கிற தெருவிலேயே இருக்கிறது, நானே கட்டிவிடுகிறேன் என்று சொன்னது நீங்கள். ஒழுங்காகக் கட்டுகிற கடனுக்கு எதற்கு ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்கள்? போன மாதம் என் வார்டுக்கே கூப்பிட்டு, நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் சிஸ்டரிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள். அந்த அம்மா அதிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. பாங்கியில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. ரசீதுகளை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் போய்ப் பாருங்கள். எனக்கும் நகல் அனுப்புங்கள்.

ஆன்ஸ்லின் கூப்பிட்டார். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் கடனை மறைத்துக் கல்யாணம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்க வாங்கிய கடன்தானே, திருடியா வாங்கினோம்? முதலிலேயே சொல்லிவிடலாம்.

அப்பா வந்ததும் என் தோத்திரம் சொல்லுங்கள்.

டெல்சி


வீட்டிலிருந்து
20 டிசம்பர் 2024

அன்பு மகளே,

உனக்கு இயேசு பாலன் எல்லா நலமும் தரட்டும். நாங்கள் சுகம். தைலம் ராகேலிடம்தான் இருக்கிறது, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இந்த மாதம் சாளை மீன் கொள்ளை கொள்ளையாகப் பட்டது. விலைதான் இல்லை. கொட்டாரத்தில் என் வாடிக்கைக்காரி தாணம்மாள் வீட்டில் மட்டும் ஒரு கூடை வாங்கினார்கள். குடில் கட்ட ராகேல் மகன் வந்தான். உங்க அப்பா தாடியும் மீசையுமாக நேற்று வந்து சேர்ந்தார். பேச்சு வழக்கம் போல, கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஆன்ஸ்லின் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் அம்மா கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடன் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு வலியப் போய்ப் பதில் சொல்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ படிப்பு முடித்து வேலைக்குப் போன அந்த வருஷம். அப்பாவின் வள்ளத்துக்கு வாங்கிய என்ஜின் கடனைப் பட்டினி கிடந்து கட்டி முடித்தோம். முடித்து மூன்று மாதத்தில் மீனவர் சங்கத்தில் தள்ளுபடி அறிவித்தார்கள். ஒரு காசு கட்டாத ராகேல் வீட்டுக்கு மொத்தமும் போயிற்று. சங்கத்தில் போய்க் கேட்டேன். "ஒங்களுக்குத்தான் பாக்கியே இல்லியே அம்மா, எதத் தள்ள?" என்று அந்த எழுத்தர் சிரித்தான். ஒழுங்காகக் கட்டினவனுக்கு ஒரு நன்றியும் இல்லை, கட்டாதவன் வீட்டில் அன்றைக்குக் கோழிக்கறி. அந்த வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் படிப்புக் கடனும் தள்ளுபடி என்று மைக் கட்டிச் சொல்லுகிறார்களே, நீ கேட்டதில்லையா?

பிப்ரவரியில் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். லீவு சொல்லி வை.

அன்பு முத்தங்களுடன்
அம்மா


பெங்களூர்
4 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சுகம். சுகமா?

நான் ரசீது கேட்டேன். நீங்கள் சாளை விலை எழுதியிருக்கிறீர்கள். மேனேஜரைப் பார்க்கச் சொன்னேன். ராகேல் மாமி வீட்டுக் கோழிக்கறியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்று தடவை படித்தேன், பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் சுயநினைவு இல்லாத நோயாளிகள்கூட இதைவிட ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள்.

திரும்பவும் கேட்கிறேன். நான் அனுப்புகிற பணம் பாங்கிக்குப் போகிறதா? ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவு போதும். ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

ஆன்ஸ்லினோடு தினமும் பேசுகிறேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்கிறார். அதனாலேயே வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னீர்களே என்று இருக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியாது.

பதிலை எதிர்பார்த்து,
டெல்சி


பெங்களூர்
8 மார்ச் 2025

அம்மாவுக்கு,

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை. சரி, நிச்சயத்துக்கு நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். வந்த இரண்டு நாளும் உங்களைத் தனியாகப் பிடிக்க முடிந்ததா? அடுக்களைக்கு வந்தால் முற்றத்துக்குப் போகிறீர்கள், முற்றத்துக்கு வந்தால் ராகேல் மாமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள். ராத்திரி கேட்கலாம் என்றால் செபமாலையில் கூடுதலாக இரண்டு பிரார்த்தனை. சனியும் ஞாயிறுமாக நிச்சயம் வைத்ததால் பாங்கியும் பூட்டிக் கிடந்தது. இப்போது யோசித்தால் அதுவும் நீங்கள் பார்த்து வைத்த நாள்தான் என்று தோன்றுகிறது.

போன செவ்வாய் இங்கேயே அந்த பாங்கியின் கிளைக்குப் போனேன். ஆதாரைக் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி என் வயதுக்காரி. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, முதல் மாதம் ஒரே ஒரு தவணை கட்டியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லையே என்றாள். அனுப்பிய நோட்டீசுக்கெல்லாம் பதில் இல்லாததால் வசூல் ஆள்களிடம் விட்டிருக்கிறார்களாம். வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேறு ஏதாவது கணக்காக இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று அவளோடு சண்டை போட்டேன். அவள் பொறுமையாக உங்கள் கையெழுத்தைத் திரையில் காட்டினாள்.

நான்கு வருஷம், அம்மா. ஒரு பண்டிகைக்குத் துணி எடுத்ததில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் மைசூர் போனபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். கடன் முடியட்டும், கடன் முடியட்டும் என்று இருந்தேன். என் பணம் எங்கே?

இந்தத் தடவை மீன் விலை எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்.

டெல்சி


வீட்டிலிருந்து
30 மார்ச் 2025

மகளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. எடுப்பேன், வைப்பேன். நாங்கள் சுகம் என்று எழுதினால் நீ கோபப்படுவாய், சுகமில்லை என்று எழுதினால் பயப்படுவாய்.

உன் பணத்தில் நான் ஒரு சேலை எடுத்து உடுத்தவில்லை. நம் தெரு அன்பியச் செபக் கூட்டத்துப் பெண்கள் நடத்துகிற சீட்டில் மாதா மாதம் போட்டேன். படிப்புக் கடன் தள்ளுபடி ஆகும், அதுவரைக்கும் இந்தப் பணம் உன் கல்யாணத்துக்குச் சேரட்டும் என்று நினைத்தேன். என்ஜின் கடனில் ஏமாந்த மாதிரி இன்னொரு தடவை ஏமாறக் கூடாது என்று இருந்தேன். இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பணம் வீணாகப் போகவில்லை. நிச்சயத்துக்கு மறுநாள், நீ ரயில் ஏறின பிறகு, சீட்டுப் பணத்தை எடுத்து நாலரை லட்சமாக ஆன்ஸ்லின் வீட்டில் கொடுத்தேன். சீதனக் கைப்பணம் கல்யாணத்துக்கு முன்னாலேயே வேண்டும் என்று அவன் அம்மா கறாராகக் கேட்டாள். அப்படியென்றால் அது உனக்குத்தானே போயிருக்கிறது.

நீ கோபத்தில் இருக்கிறாய், நானும் கோபத்தில்தான் இருக்கிறேன். பெண்ணைப் படிக்க வையுங்கள், சீதனம் குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்தேன். படித்த பெண்ணுக்குப் படித்த பையன் வேண்டும் என்றார்கள். படித்த பையனுக்கு விலை கூட என்றார்கள். படிக்க வைத்ததற்கும் கொடுக்கணும், படித்ததற்கும் கொடுக்கணும் என்றால் இது எந்த ஊர் நியாயம்? என்னைக் கேட்கிறாயே, போய் இந்த ஊரைக் கேள்.

ஈஸ்டர் கழிந்து மே பத்தொன்பதாம் தேதி கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார். சந்தோஷமாக இரு.

அம்மா


பெங்களூர்
22 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். அப்பா கடலிலிருந்து வந்துவிட்டாரா? அவருக்கு இது எதுவும் தெரியுமா?

நேற்று ஆன்ஸ்லின் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம். "எனக்க லோன் முடிஞ்சாச்சு டெல்சி. ஒங்க அம்மை தந்த பைசால மொத்தமா அடைச்சாச்சு" என்றார். என்ன லோன் என்று கேட்டேன். கப்பல் படிப்புக்கு வாங்கிய கடனாம். அவர் அம்மாவும் நம்மிடம் சொல்லவில்லை. அவர்களும் பல வருஷமாகக் கட்டாமல் தள்ளுபடிக்குக் காத்திருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார்.

புரிகிறதா அம்மா? என் கடனைக் கட்ட நான் அனுப்பிய பணம் அவர் கடனைக் கட்டிவிட்டது. அவர் படிப்புக்கு நான் ராப்பகலாக ஊசி போட்டிருக்கிறேன். என் படிப்பு அப்படியே கடனில் நிற்கிறது.

இனிமேல் மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு கடன் என்று கேட்டார். பிறகு, "அம்மைட்ட கேக்கேன்" என்று வைத்துவிட்டார்.

நேற்றே இன்னொன்றும் நடந்தது. வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளி, நாலரை லட்சம் ஒரே தடவையாகக் கட்டினால் கடனை முடித்துத் தருவதாக பாங்கி சொல்கிறது. மே முப்பத்தொன்று வரைக்கும்தான். அது தவறினால் உங்கள் மேலும் என் மேலும் வழக்கு. அதே நாலரை லட்சம், அம்மா. ஆன்ஸ்லின் வீட்டில் போய்த் திருப்பிக் கேளுங்கள். அவருக்கு வேலை இருக்கிறது, அங்கே வேறு கடன் வாங்கி என் பணத்தைத் தரட்டும். இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை.

டெல்சி


வீட்டிலிருந்து
1 மே 2025

மகளே,

சூசையப்பர் திருநாள் இன்று. உனக்காக மெழுகுதிரி வைத்தேன். மற்ற சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன்.

நீ சொன்னபடி போனேன். நாகர்கோவிலில் பஸ் மாறி, வெயிலில் நடந்து, ஒரு பை நெய்மீனும் கொண்டு போனேன். மீனை உள்ளே வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அவன் அம்மா வாயைத் திறந்தாள்.

"பாங்கியில போட்டாச்சு. கடல்ல போட்ட கல்லு மாதிரிதான். இனி எங்க போய் எடுக்க?"

"ஒங்க மவனுக்குக் கடன் உண்டுன்னு நீங்க சொல்லலியே."

"நீங்க சொன்னியளா? கடங்காரியைக் கெட்டித் தாறோம்னு நீங்க சொன்னியளா?"

"ரெண்டும் படிப்புக் கடன்தானே சம்மந்தி."

"ஆம்பளப் பிள்ளக்க கடன் வேற, பொம்பளப் பிள்ளக்க கடன் வேற."

எப்படி வேறே என்று கேட்டேன். அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. மீனைத் திருப்பிக் கேட்டிருக்கணும், அதற்குள் குழம்பு கொதித்துவிட்டது.

போன ஞாயிறு முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். ஏசுஅடிமை, விக்டோரியா இவர்களின் மகள் டெல்சி என்று மைக்கில் கேட்டபோது முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில், "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசித்தார். சின்ன வயதிலிருந்து கேட்கிற வரிதான். அன்றைக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது.

பூசை முடிந்து சாமியாரைத் தனியாகப் பார்த்து எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா, கடன் திருமணத்துக்குத் தடை இல்லை. ஏற்கெனவே மணமானவர், நெருங்கிய இரத்த உறவு, கட்டாயப்படுத்தி நடத்துவது, இப்படிப்பட்டதுதான் தடை" என்றார். கடன் தடை இல்லையென்றால் வேறு எதுதான் தடை சாமி என்று கேட்டேன். செபியுங்கள் என்றார். இத்தனை வருஷம் நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

பத்திரிகை அடித்தாயிற்று. பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. நான் என்ன செய்ய மக்களே, நீயே சொல்.

அம்மா


பெங்களூர்
6 மே 2025
விரைவுத் தபால்

அம்மா,

ஆன்ஸ்லின் இரண்டு வாரமாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. அவர் அம்மாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் போலிருக்கிறது.

பந்தல்காரன் அட்வான்ஸை நான் தருகிறேன். மூன்றாம் ஓலை வாசிக்கக் கூடாது. சாமியாரிடம் போய் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லுங்கள். கட்டாயப்படுத்தி நடத்துவது தடை என்று அவரே சொன்னாரல்லவா, அதைச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்சி


வீட்டிலிருந்து
20 மே 2025

அன்பு மகள் டெல்சிக்கு,

நேற்று உன் கல்யாண நாள். இந்நேரம் வீடு நிறைய ஆள் இருந்திருக்கும். நானும் உங்க அப்பாவும் மட்டும் இருக்கிறோம். அவருக்கு எல்லாம் தெரியும் இப்போது. ஊருக்கே தெரியும். நீயும் செல்லில் பார்த்திருப்பாய். அதனால்தான் இத்தனை நாள் எழுதத் தைரியம் வரவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லத்தான் போனேன். கோட்டாறு போயிருந்தார். ஞாயிறு காலையில் பூசைக்கு முன் பார்க்கலாம் என்றால் முதல் தடவை நன்மை அப்பம் வாங்குகிற பிள்ளைகள் கூட்டம், அவர் பக்கத்திலேயே போக முடியவில்லை. சரி, தலைவிதி என்று பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். கோயில் நிறைந்த கூட்டம். எல்லாருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடித்து ஓலையை எடுத்தார். மூன்றாம் முறையாக என்று தொடங்கி உன் பெயரை வாசித்தார், அவன் பெயரை வாசித்தார். தடை அறிந்தவர்கள் என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன், மகளே. நிற்கணும் என்று நினைக்கவில்லை. "சாமி, தடை இருக்கு. எனக்குத் தெரியும்" என்றேன். என் குரலைத்தான் உனக்குத் தெரியுமே, கடற்கரையில் ஏலம் கூறுகிற குரல். மைக் வேண்டாம்.

அவர் கையைக் காட்டி உட்காருங்கள் அம்மா என்றார். ராகேல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. "எனக்க மவ படிக்கக் கடன் வாங்குனா. அத அடைக்கத் தந்த பைசாவ நான் அடைக்கல்ல. சீதனமாக் குடுத்தேன். அவிய அதவச்சு அவங்க மவனுக்க கடனை அடைச்சாச்சு. இப்ப பெண்ணுக்குக் கடன் உண்டும்னு பேசுதாவ. மவளுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல. இது தடையா இல்லியா, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அப்போது கல்யாணத்துக்காகக் கடலிலிருந்து வந்திருந்த உங்க அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நடுவழியாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பூசை முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். அவரைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது, கல்யாணப் பூசைக்குப் பிறகு ஒரு நாளும் கோயிலில் நாங்கள் சேர்ந்து நின்றதில்லை.

வெளியே வந்தால் கொடிமரத்தடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருத்தியாகக் காதோடு வந்து, "ஒனக்குக் கடன் எவ்வளவு? எனக்க மவனுக்கு ஆறு லெச்சம்" என்றும், "எனக்க மவளுக்கும் உண்டும், அவ வீட்டுக்காரனுக்குத் தெரியாது" என்றும் சொல்கிறார்கள். ராகேலுக்கும் உண்டாம். இத்தனை வருஷம் தைலத்தைப் பங்கு போட்டோம், இதைச் சொல்லவில்லை.

யாரோ அதைச் செல்லில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். ஆன்ஸ்லின் வீட்டுக்கும் போயிற்று. முந்தாநாள் அவன் தாய்மாமன் நம் பங்குச் சாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்து பணத்தை வைத்தான். கத்தாரில் கம்பெனியில் முன்பணம் வாங்கி அனுப்பியிருக்கிறான் போல. "பணம் செரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. எங்க அக்காவக் கோயில்ல வச்சு அவமானப்படுத்துன வீட்டுல பெண் எடுக்க முடியாதுன்னு ஆன்ஸ்லின் சொல்லச் சொன்னான்" என்றான். நான் அவன் அம்மாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உங்க அப்பா எண்ணாமலே வாங்கி வைத்தார்.

இன்று காலையில் அவரே அதைக் கொட்டாரத்துக்குக் கொண்டுபோய் பாங்கியில் கட்டிவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை.

உனக்கு அவனைப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் உன் கல்யாணத்தைக் கெடுத்தேனா, உன்னைக் காப்பாற்றினேனா என்று எனக்கே தெரியவில்லை. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

அம்மா


பெங்களூர்
9 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கும்,

நான் சுகம். இந்தத் தடவை நிசமாகவே சுகமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அந்த வீடியோ என் வார்டு வரைக்கும் வந்துவிட்டது. கேரளத்துச் சிஸ்டர் ஒருத்தி, இது யார் தெரியுமா என்று என்னிடமே காட்டினாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. மூன்று நாள் உங்கள் மேல் அத்தனை கோபம். சாமியாரின் காதில் சொல்லச் சொன்னால் நீங்கள் ஏலம் போட்டிருக்கிறீர்கள். பிறகு தனியாக உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். அப்பா நடந்து வருகிற இடம் வந்ததும் அழுதுவிட்டேன். இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்தீர்களே அம்மா, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கு நாளாகும். மற்றது பரவாயில்லை.

ஆன்ஸ்லின் ஒரு தடவை மெசேஜ் அனுப்பினார். பணம் வந்து சேர்ந்ததா என்று மட்டும். சேர்ந்தது என்று போட்டேன். அதற்குப் பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவரை எனக்கு இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களை அழ வைக்க எழுதவில்லை, சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

கடன் முடிந்ததற்கான கடிதத்தை பாங்கியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வந்து நான்கு நாளாகிறது. இருபத்தேழு வயதில் முதல் தடவையாக அது முழுசும் என்னுடையது. நேற்று லீவு. கடைத் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். துணிக்கடையில் ஏறினேன், இறங்கினேன். என்ன வேண்டும் மேடம் என்று கேட்டான் அந்தப் பையன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்புடன்,
டெல்சி